முகம் தெரிகிற ரிவி

1. முதலாளி சொன்ன சொல்

“அண்ணை, ஆக்களின்ரை முகம் தெரியிற ரிவி உங்களிட்டை இருக்கோ?”

ரிவி திருத்துகிற வேலையில் இருபத்தெட்டு வருடம் இருந்தவன் நான். சனம் கேட்காத கேள்வி இல்லை. பெரியது இருக்கோ, கறண்ட் குறைய இழுக்கிறது இருக்கோ, மாமியார் போடாமல் பூட்டி வைக்கிற மாதிரி ஒன்று இருக்கோ என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். முகம் தெரிகிற ரிவி கேட்டது றெஜினா ஒருத்திதான். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை. ஊர்காவற்றுறையில் எங்கள் கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என் அனுபவத்தில் ஒன்றைத்தான் படிப்பதென்றால், இதைப் படித்தால் போதும்.

றெஜினா நாரந்தனைக்காரி. அவளுடைய கணவன் யேசுதாசன், எல்லோருக்கும் தாசன், அதற்குப் பதினேழு நாளுக்கு முதல் நண்டு வலை எடுக்கத் தனியாகக் கடலுக்குப் போனவன். நெடுந்தீவுக்கு மேற்கே அவனுடைய வள்ளத்தைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பின்னேரம் காற்றுப் பெருத்தது. மற்றவர்கள் ஒருவாறு கரை சேர்ந்துவிட்டார்கள். தாசன் சேரவில்லை. வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு எண்ணெய்க் கான் மிதந்து வந்ததாகக்கூடத் தகவல் இல்லை.

பத்தாம் நாள் இந்தியச் செய்திச் சனல் ஒன்றில், எல்லை தாண்டி வந்த இலங்கை மீனவர் பதினொரு பேரைப் பிடித்துக் கோடிக்கரைப் பக்கம் கரையேற்றியதாகக் காட்டினார்கள். பெயர் சொல்லவில்லை. எஞ்சின் நின்றுபோன வள்ளத்தைச் சோளகம் வடக்கே தள்ளும். எங்கள் கடலில் வடக்கே போனால் கோடிக்கரை. செய்தி கேள்விப்பட்டு அன்றைக்கே கடைக்கு ஓடி வந்தாள் றெஜினா. கடையில் டிஷ் இருந்தது. அடுத்த செய்தி வரும்வரை அவளை இருத்தி வைத்து, ஒரு பழைய வீடியோ கசற்றில் அதைப் பதிந்து கொடுத்தவன் நான்தான். மொத்தம் பன்னிரண்டு செக்கன். ஒரு பெரிய படகிலிருந்து ஆட்கள் வரிசையாக இறங்குகிறார்கள். கமரா தூரத்தில் நிற்கிறது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஏழு நாளாக அவள் வீட்டுப் பதினாலு இஞ்சி ரிவியில் அந்தப் பன்னிரண்டு செக்கனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எட்டாவதா இறங்கிறது அவர்தான் அண்ணை. எனக்குத் தெரியும். அவற்றை அப்பா, மாமாதான் ஒத்துக்கொள்ளுறாரில்லை. முகத்தைக் காட்டு, நான் நம்பிறன் எண்டுறார். முகம் புகைஞ்சுபோய்க் கிடக்கு. நாளைக்குக் கோயிலிலை செத்தவைக்கான பூசை. அதிலை அவற்றை பேரையும் வாசிக்க வேணுமெண்டு மாமா நிக்கிறார். இண்டைக்குப் பின்னேரம் ஐஞ்சு மணிக்குள்ளை பேர் குடுக்கப் போறார்.”

கடை முதலாளி கணேசலிங்கம் மேசையில் இருந்தபடியே சொன்னார்: “பூசைதானே பிள்ளை. உயிரோடை இருந்தாலும் ஒரு நட்டமும் இல்லையே.”

“நீங்கள் சைவம் முதலாளி, எங்கடை கத்தோலிக்கப் பூசை உங்களுக்குத் தெரியாது. அந்தப் பூசை ஒப்புக்குடுத்தா நாங்களே அவரைத் தாட்ட மாதிரி. மீன்பிடிச் சங்கத்தார் அவரைத் தேடச் சொல்லிக் கொழும்புக்குக் கடிதம் எழுதியிருக்கினம். வீட்டுக்காரரே செத்திட்டார் எண்டு பூசை குடுத்திட்டினம் எண்டா, பேந்து அந்தக் கடிதத்தை ஆர் திரும்பிப் பாப்பினம்?”

முதலாளி எழும்பிப் போய்க் கடையின் நடுவில் நின்ற புது எல்சிடி ரிவியின் மேல் கையை வைத்தார். போரில் மூடிக் கிடந்த கண்டிப் பாதை திறந்த கையோடு கொழும்பிலிருந்து இறக்கியது. முப்பத்திரண்டு இஞ்சி. தீவுப்பகுதிக்கு வந்த முதல் எச்.டி ரிவி அதுதான் என்று அவர் பெருமைப்பட்டுக்கொள்வார். இரண்டு மாதமாக வருகிற எல்லோரும் பார்த்தார்கள், தொட்டார்கள், விலையைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

“இதிலை உங்கடை பழைய ரிவியிலும் பாக்க ரெண்டு மூண்டு மடங்கு புள்ளி. கிளியர் எண்டா கிளியர்.”

“முகம் தெரியுமோ?”

“மூக்கிலை மரு இருந்தா அதுகும் தெரியும்.”

இந்தக் ‘கிளியர்’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ரிவி என்றால் முதலில் அன்ரனாதான். ஒருவர் கூரையில் ஏறிக் குழாயைத் திருப்புவார். உள்ளே ரிவிக்கு முன்னால் ஒருவர். “கிளியரோ?” என்று மேலே இருந்து கத்துவார். “இல்லை, இல்லை, கொஞ்சம் மேற்கை... ஆ, கிளியர்!” என்று உள்ளேயிருந்து மறுகத்தல். படத்தில் புள்ளி பறக்கவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். தொழில்காரனுக்கு அதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. புருஷனைத் தேடுகிற ஒருத்தியின் காதில் அது வேறு மாதிரி விழும். முதலாளிக்கு அது தெரியவில்லை. அவர் பொய் சொல்லவுமில்லை, புதியது எதுவும் நல்லது என்று மனதார நம்புகிற ஆள் அவர்.

எனக்குத் தெரியும். அந்தக் கசற்றைப் பதிந்தவனே நான். எதில் போட்டாலும் கசற்றில் உள்ளதுதான் தெரியும் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளியின் முகத்துக்குப் பயந்தேன் என்று கன காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. “உங்களுக்கு முகம் தெரியாது அம்மா” என்று அவளைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

“என்னட்டை இப்ப அவ்வளவு காசில்லை,” என்றாள் றெஜினா. “ஒரு புதுப் பதினைஞ்சு குதிரைவலு வள்ள எஞ்சின் கிடக்கு. வாங்கி ஒருக்காலும் தண்ணியிலை இறக்கேல்லை. அதுக்கு நேவியின்ரை அனுமதி வரேல்லை எண்டுதான் அவர் பழைய எட்டுக் குதிரையோடை போனவர். அதை எடுத்துக்கொண்டு இதைத் தாங்கோ.”

புது எஞ்சின் வாங்கத் தாசன் எத்தனை வருடம் பாடுபட்டான் என்பது ஊருக்கே தெரியும். அவன் உயிரோடு இருக்கிறான் என்று காட்டுவதற்காக, அவன் திரும்பி வந்தால் பிழைக்கிற வழியை விற்கப் போகிறாள். இது முதலாளிக்கும் உறைத்திருக்க வேண்டும். உடனே கை நீட்டவில்லை. அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ‘வைச்சுப் பாக்கக் குடுக்கிறது’ என்பார். சாமானை வீட்டில் கொண்டுபோய்ப் பொருத்தி ஒரு நாள் விட்டுவிடுவது. பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். பதின்மூன்று வருடத்தில் ஒருவரும் திருப்பித் தந்ததில்லை.

“குணம், நீர் கொண்டுபோய்ப் பூட்டிக் காட்டிப்போட்டு வாரும். சரி எண்டா எஞ்சினைக் கதைப்பம்.”

2. நாரந்தனையில்

ஓட்டோ கிடைக்கப் பின்னேரம் மூன்று மணி ஆகிவிட்டது. ரிவிப் பெட்டியை அதன் பின்சீற்றில் வைத்து, அதைக் கட்டிப் பிடித்தபடி நானும் இருந்தேன். றெஜினா சைக்கிளில் முன்னால் போனாள். சோளகம் எதிரே அடித்தது. அப்படி உழக்குகிற பெண்ணை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

கடற்கரையிலிருந்து நாலாவது வீடு. வாசல் கொட்டிலில் ஒரு மரக்குற்றியில் அந்த எஞ்சின் மாட்டியிருந்தது. சாக்குப் போட்டு மூடிக் கயிறு சுற்றியிருந்தார்கள். அதன் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார் தாசனின் தகப்பன் மடுத்தீன். அறுபது வருடம் கடலில் கிடந்த உடம்பு. பெட்டியைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

“தம்பி, இந்தப் பெட்டியைத் திருப்பிக் கொண்டு போம்,” என்றார். “அவள் ஏழு நாளாச் சாப்பிடேல்லை. நீர் குடுத்த கசற்றாலைதான்.”

“ஒருக்காப் பாப்பம் ஐயா. பாத்தாப் போச்சு.”

“பாத்தனான். முதல் நாளே பாத்தனான். நிப்பாட்டி வைச்சுக் காட்டினவள். மூக்கில்லை, கண்ணில்லை. ஆரோ ஒருத்தன்.” எஞ்சின் மேலிருந்த சாக்கை இழுத்துச் சரிசெய்தபடி மற்றதைச் சொன்னார். “என்ரை மூத்தவன் கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை. நாலு வரியம் பூசை குடுக்காமல் வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தனான். அவன்ரை ஆத்துமம் அந்தரிச்சு நிண்டிருக்கும். இவனையும் அப்பிடி விடேலாது.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பழைய ரிவி ஒரு அலுமாரிக்கு மேல் இருந்தது. பக்கத்தில் வீடியோ டெக். றெஜினா கசற்றைப் போட்டு, றிமோட்டை எடுத்து, சரியாக எட்டாவது ஆள் கமராப் பக்கம் திரும்புகிற இடத்தில் நிறுத்தினாள். கைப்பழக்கம் அப்படி. நிறுத்துவதற்குப் பழக்கியவனும் நான்தான். கடையில் வைத்து, ‘பாருங்கோ, இந்தப் பொத்தானை அமத்தினா ஆள் அசையாமல் நிப்பார்’ என்று காட்டிக் கொடுத்திருந்தேன். அவளும் ஏழு நாளாக அதையே செய்திருக்கிறாள். எட்டாவது ஆள் திரும்பும்வரை ஓட்டுவது, நிறுத்துவது, பார்ப்பது, பிறகு தொடக்கத்துக்குத் திருப்புவது.

படம் நடுங்கிக்கொண்டு நின்றது. பழைய பிக்சர் ரியூப், எல்லாவற்றையும் மெத்தென்று பூசிக் காட்டுகிற வயதில் இருந்தது. உயரமான ஒரு உருவம். நெற்றி மாதிரி ஒரு வெளிச்சம், தாடி மாதிரி ஒரு இருட்டு. நாடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிற மாதிரியும் இருந்தது. ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அவரைக் காணலாம்.

“தெரியுதே அண்ணை?”

“ஓம் பிள்ளை, ஓரளவுக்கு,” என்றேன். எனக்கும் அப்படித்தான் பட்டது, அல்லது படவேண்டும் என்று விரும்பினேன்.

புது ரிவியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். ஸ்ரபிலைசர் பூட்டினேன். டெக்கின் வயரைக் கழற்றி இதில் செருகினேன். றெஜினா கதிரையை இழுத்துத் திரைக்கு ஒரு முழத்தில் போட்டுக்கொண்டாள். மடுத்தீன் உள்ளே வரவில்லை. ஆனால் கதிரையைக் கதவுப் பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தார்.

பொத்தானை அழுத்தினேன். நீல வெளிச்சம், பிறகு படம். அதே இடத்தில் நிறுத்தினாள்.

அங்கே ஒருவரும் இல்லை.

அதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உருவம் இருந்தது, பெரிதாக இருந்தது. முகம் இருந்த இடத்தில் மண்ணிறத்தில் சதுரம் சதுரமாக ஐந்தாறு துண்டுகள். நெற்றி இல்லை, தாடி இல்லை. பழைய ரியூப் பூசி மெழுகியிருந்த எல்லாவற்றையும் இது உரித்துவிட்டது. இரண்டு மடங்கு புள்ளி இருந்ததுதான். ஒவ்வொரு புள்ளியும் ஒன்றுமில்லை என்பதைத் துல்லியமாகக் காட்டியது.

றெஜினா எழும்பித் திரையைத் தொட்டாள். “இதிலை அவர் இல்லையே,” என்றாள். “அண்ணை, பழையதிலை இருந்தவரே. இதிலை எங்கை?”

கதவடியில் மடுத்தீன் எழும்பி நின்றார். அவர் கோபிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“பிள்ளை, நீ கேட்டமாதிரி நல்ல ரிவியிலையும் பாத்தாச்சு,” என்றார். “அது சொல்லிப்போட்டுது. நான் கோயிலுக்குப் போட்டு வாறன்.”

உடுப்பு மாற்றச் சேட் எடுக்க அறைக்குள் போனார். அப்போது நாலு மணி கடந்திருந்தது.

3. என் பிழை

விற்றவன் செய்த பிழை ஒன்று, திருத்துகிறவன் செய்த பிழை ஒன்று. முதலாவதை முதலாளியின் தலையில் போடலாம். இரண்டாவது முழுவதும் என்னுடையது.

வீடியோ கசற்றில் படம் கோடு கோடாகத்தான் பதிந்திருக்கும். ஓடும்போது டெக் ஒரு தரம் ஒற்றை எண் கோடுகளையும் அடுத்த தரம் இரட்டை எண் கோடுகளையும் காட்டும். வேகத்தில் கண் இரண்டையும் சேர்த்து ஒரு முழுப்படமாகப் பார்த்துக்கொள்ளும். நிறுத்தினால் அதில் பாதிதான் நிற்கும். தொழில் படித்த முதல் மாதத்திலேயே சொல்லித் தருகிற விஷயம் இது. அதோடு கசற்றில் இடம் மிச்சம் பிடிக்க நான் மெதுவோட்டத்தில் பதிந்திருந்தேன். அதில் இன்னும் கொஞ்சம் போய்விட்டது. ஆக, பாதியிலும் பாதியை நடுங்க நடுங்க நிறுத்தி வைத்து, ஒரு பெண்ணிடம் ‘நன்றாகப் பாருங்கள்’ என்று கொடுத்திருக்கிறேன். ஏழு நாள் அவள் அதைத் தின்று உயிர் வாழ்ந்திருக்கிறாள். பிறகு அதையே பெரிய திரையில் போட்டு, அந்த உயிரையும் பிடுங்கியிருக்கிறேன்.

“ஐயா, நில்லுங்கோ,” என்றேன். “ரிவிக்கு ஆள் ஆரெண்டு தெரியாது. பழையதுக்கும் தெரியாது, புதுசுக்கும் தெரியாது. கசற்றிலை இல்லாததை ரெண்டும் காட்டாது. இதை வைச்சு அவர் இல்லை எண்டு சொல்லேலாது.”

“இருக்கிறான் எண்டு சொல்லேலுமோ?” அறைக்குள்ளிருந்து கேட்டார்.

சொல்ல முடியாது.

றெஜினா அழவில்லை. அவள் முகம் வெளிறியிருந்தது. “அண்ணை, பழையதிலையே திருப்பிப் போட்டு விடுங்கோ,” என்றாள். “எனக்கு அது போதும். மாமா என்ன செய்தாலும் செய்யட்டும். உந்தப் பெட்டியை நிப்பாட்டுங்கோ. என்னாலை பாக்கேலாது.”

புது ரிவியை நிறுத்தினேன். வயரைக் கழற்றிப் பழையதில் பூட்டினேன். பழைய ரிவியில் சனலைத் திரும்பப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் படம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கசற்றைத் தொடக்கத்துக்குத் திருப்பி, ஓட விட்டேன்.

4. எட்டாவது ஆள்

புள்ளி பறந்தது, பிறகு படம் பிடித்தது. ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். நான் பின்பக்கம் குனிந்து வயரை அழுத்திப் பிடித்திருந்தேன். நிறுத்த ஒருவரும் இல்லை. றிமோட் றெஜினாவின் மடியில் கிடந்தது, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடுத்தீன் சேட்டுக்குத் தெறி பூட்டிக்கொண்டு அறை வாசலுக்கு வந்தார்.

“தம்பி.”

அந்தக் குரலைக் கேட்டு நிமிர்ந்தேன்.

“திருப்பி விடும் தம்பி.”

திருப்பி ஓட விட்டேன். ஆறாவது ஆள், ஏழாவது ஆள், எட்டாவது ஆள். எட்டாவது ஆள் கமராப் பக்கம் திரும்புகிறான். வழக்கமாக றெஜினா நிறுத்துகிற இடம். அது கடந்து போகிறது. அவன் படகிலிருந்து இறங்குதுறையில் காலை வைக்கிறான். தடுமாறுகிறான். நிலை கொள்ளுமுன்னே அவனுடைய வலது கை நேரே தலைக்கு மேலே போகிறது. வெறுங்கை. ஒரு செக்கன் அப்படியே நிற்கிறது. பக்கத்தில் நிற்கிற காவல்காரர் அதைக் கவனிக்கவேயில்லை. பின்னால் வந்தவன் முட்டுகிறான். கை மெல்லக் கீழே வருகிறது.

“பாஸ் காட்டுறான்,” என்றார் மடுத்தீன்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வெளியூர் வாசகருக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். போர்க்காலம் முழுவதும் எங்கள் தீவுகளில் கடலுக்குப் போக நேவி தருகிற ஒரு பாஸ் வேண்டும். போகிற நேரம் குறித்தது, வருகிற நேரம் குறித்தது, இறங்குகிற இடமும் குறித்தது. அந்த இடத்தில் நேவிக்காரர் காவல் இருக்கிற ஒரு சென்றி இருக்கும். வள்ளம் கரை தட்டியதும், எஞ்சினைத் தூக்குமுன், மீன் பெட்டியைத் தொடுமுன், காலைக் கரையில் வைத்த அதே கணம் பாஸைப் பிடித்த வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்ட வேண்டும். சென்றியிலிருந்து தலையசைத்த பிறகுதான் இறக்கலாம். தாசன் பதினைந்து வயதில் பாஸ் எடுத்தவன். எத்தனை ஆயிரம் தரம் அந்தக் கை உயர்ந்திருக்கும்?

“வெயிலுக்கு மறைக்கிறார் எண்டு நினைச்சனான்,” என்றாள் றெஜினா. முதல் நாள் கடையில் அவள் அந்தக் கையைக் கண்டிருக்கிறாள். பாஸ் இல்லாதவர்கள் இறங்குதுறைப் பக்கம் போக முடியாது. தன் புருஷன் கரை இறங்குகிற விதத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

“இன்னொருக்கா.”

எட்டுத் தரம் ஓட விட்டேன். மடுத்தீன் ரிவிக்குக் கிட்டப் போகவில்லை, முகத்தைத் தேடவுமில்லை. மற்றவர்களைத்தான் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“மற்றப் பத்துப் பேரிலை ஒருத்தனும் கை தூக்கேல்லை. அவங்கள் தெற்குப் பக்கத்துக் கடல்காரராத்தான் இருப்பாங்கள், அவங்களுக்கு உந்தப் பழக்கம் இல்லை. இவன் எங்கடை இறங்குதுறையிலை இறங்கிறவன். எங்கடை தீவுகளிலை இந்த மாசம் காணாமல் போனது ஆர்?”

“இவர் ஒராள்தான் மாமா.”

ஒன்பதாம் தரம் ஓடும்போது நான் ரிவியைப் பார்க்கவில்லை, மடுத்தீனைப் பார்த்தேன். எட்டாவது ஆள் கரையில் கால் வைத்தபோது மடுத்தீனின் வலது கையும் தன்பாட்டில் தோளுக்கு மேலே எழும்பியது. அவருக்கு அது தெரியவில்லை. பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனுஷன் வாயைத் திறந்து அழுததைப் பார்த்து எனக்கும் கண்ணீர் வந்தது. நான் துடைக்கவுமில்லை.

கோயில் மணி ஐந்து அடித்தது. அவர் எழும்பி, பெயர் கொடுக்கப் போட்ட அதே சேட்டோடு, சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனார். கசற்றைக் கையில் எடுத்துக்கொண்டு றெஜினா பின்னால் ஓடினாள்.

5. திரும்பி வந்த பெட்டி

புது ரிவியை இருட்டுமுன் கடைக்குக் கொண்டுவந்து இறக்கினேன். முதலாளி எழும்பி நின்றுவிட்டார்.

“என்ன இது? வைச்சுப் பாக்கக் குடுத்த சாமான் திரும்பி வாறதோ?”

“அவைக்கு இது தேவையில்லை முதலாளி.”

“முகம் தெரிஞ்சுதோ இல்லையோ?”

“தெரியேல்லை. இதிலை போட்டா இன்னும் மோசம். அது எனக்குக் காலமையே தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ நீர் கொண்டுபோனனீர்?” என்று கத்தினார். நியாயமான கேள்வி. அவர் என்னை ஏசியதிலேயே நியாயமாக ஏசியது அந்த ஒருநாள்தான். நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு ஏச்சை நிறுத்தினார். அந்த எஞ்சினைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் வாய் திறக்கவில்லை. எல்சிடி ரிவியைக் கார்த்திகையில் ஒரு கலியாண வீட்டுக்காரர் வாங்கினார்கள். அவர்களிடம் அவர் ‘கிளியர்’ என்று சொல்லவில்லை, ‘போட்டுப் பாருங்கோ’ என்று மட்டும் சொன்னார்.

சங்கத்தார் அந்தக் கையைப் பற்றியும் எழுதி இன்னொரு கடிதம் கொழும்புக்கு அனுப்பினார்கள். பூசை வைக்கிற கோயில் சுவாமியார் தனக்குத் தெரிந்த அக்கரைச் சுவாமியார் ஒருவருக்கு எழுதினார். சுவாமியாரின் பதில்தான் முதலில் வந்தது. பதினொரு பேரும் அக்கரைச் சிறையில் மறியலில் இருக்கிறார்கள். ஒருவன் மட்டும் நாரந்தனை. எஞ்சின் நின்றுபோய் நாலு நாள் கடலில் மிதந்தவனைத் தெற்குப் பக்கத்துப் படகொன்று ஏற்றி, பிறகு அவர்களோடு சேர்த்துப் பிடிபட்டிருக்கிறான். அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மடுத்தீன் வெயிலில் நடந்தே கடைக்கு வந்து, எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். தானே ஏற்கெனவே வாசித்திருந்தார், என் வாயால் கேட்க ஆசை.

தாசன் மாரி மழையோடு வீடு வந்து சேர்ந்தான். இளைத்துக் கறுத்துப் போயிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் றெஜினா கசற்றைப் போட்டாள். இந்தத் தரம் நிறுத்தவில்லை. எட்டாவது ஆள் இறங்கினான், தடுமாறினான், கை உயர்ந்தது.

“அது நானோ?” என்றான் தாசன்.

“வேறை ஆர்?”

“நான் கை தூக்கினனானோ? எனக்கு ஒண்டும் தெரியாதே. அங்கை என்னட்டை ஆர் பாஸ் கேட்டது?” சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. வலது கையை மடியில் வைத்து மற்றக் கையால் பொத்திக்கொண்டான். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் இருக்கிறது. கேட்க ஒருவரும் இல்லாத கரையிலும் ஒரு மனுஷனின் கை தானாக உயரும்படி வாழ்ந்திருக்கிறோம்.

இப்போது நாலாயிரம் புள்ளி, எட்டாயிரம் புள்ளி என்று ரிவி வருகிறது. நல்ல சாமான்கள்தான், நான் குறை சொல்லவில்லை. வேலையை விட்டு ஓய்ந்த பிறகும் சனம் என்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்டு வருகிறது. நான் எடுத்த எடுப்பில் பதில் சொல்வதில்லை. அதில் என்ன பார்க்கப் போகிறீர்கள், அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல் வரும், ரிவி வாங்க இவ்வளவு விசாரணையோ என்று. வரட்டும். அந்தச் சனிக்கிழமை எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்து, உயிரோடு இருந்த ஒருவனுக்குச் செத்தவர் பூசை ஒப்புக்கொடுக்கிற கட்டம்வரை கொண்டுபோய் விட்டவன் நான்.